சாங்ஷன்: அனுமதியா, தடையா?

கடன் சாங்ஷன் ஆனால் மகிழ்ச்சி. ஒரு நாட்டின் மீது சாங்ஷன்ஸ் வந்தால் திண்டாட்டம். எதிரெதிர் பொருள் இரண்டும் ஒரே ஆங்கிலச் சொல்லுக்குள் இருப்பதால், செய்தி மொழிபெயர்ப்பவர்களை இது அடிக்கடி காலை வாரிவிடும்.

மூலம் லத்தீன். 'சான்கிரே' என்றால் புனிதமாக்குதல், மீற முடியாதபடி உறுதிசெய்தல். செயின்ட் என்ற சொல்லுக்கும் வேர் இதுதான். ஆங்கிலத்துக்கு வந்தபோது சட்டம், ஆணை என்ற பொருளில்தான் வழங்கியது. சட்டம் ஒன்றை அனுமதிக்கும். மீறினால் தண்டிக்கவும் செய்யும். பெயர் இரண்டிலும் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். நாடுகள் மீதான தடை என்பது 20ஆம் நூற்றாண்டில் பரவிய பொருள். 1966-ல் ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே) மீது ஐ.நா. பாதுகாப்பு அவை விதித்தவை இந்த வகை.

பிரித்தறிய எளிய வழி: பன்மையில் வந்தால் பெரும்பாலும் தடை. பக்கத்தில் இம்போஸ் (விதி), லிஃப்ட் (நீக்கு) போன்ற வினைகளோ 'ஆன்', 'அகைன்ஸ்ட்' என்ற சொற்களோ இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஒருமையில், அதுவும் 'அஃபிஷியல்' என்ற அடைமொழியோடு வந்தால் ஒப்புதல்.

வினைச்சொல்லாக வரும்போதுதான் வம்பு. 'ஸ்டேட் சாங்ஷன்ட்' என்றால் அரசு அனுமதித்தது; 'சாங்ஷன்ட் டேங்கர்' என்றால் தடைப்பட்டியலில் உள்ள எண்ணெய்க் கப்பல்! முன்பின் வாக்கியங்களைப் படிக்காமல் முடிவுக்கு வராதீர்கள். நீங்களே ஆங்கிலத்தில் எழுதுவதானால் அப்ரூவ், பீனலைஸ் என்று உடைத்து எழுதிவிடுவது என் கட்சி.