சிறிய கான்கிரீட் தளம்: கையால் கலந்து நீங்களே போடலாம்

துணி துவைக்க, மோட்டார் வைக்க, சைக்கிள் நிறுத்த என்று தரைமேல் போடும் சிறு தளத்துக்கான செய்முறை இது. மொட்டை மாடி, சன்ஷேடு போலத் தாங்கி நிற்க வேண்டிய எதையும் இதைப் படித்துவிட்டுப் போடாதீர்கள். அதற்குப் பொறியாளர் வேண்டும்.

6 அடி நீளம், 5 அடி அகலம், 4 அங்குலக் கனம் என்று எடுத்துக்கொள்வோம். மொத்தம் 10 கன அடி. பார்க்கச் சின்னதுதான், ஆனால் எடை ஏறத்தாழ 680 கிலோ வரும். அதனால் துணைக்கு ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

தரையும் அடைப்பும்

புல், வேர், மேல்மண் எல்லாவற்றையும் வெட்டி எடுங்கள். கிராவலோ குவாரித் தூளோ 4 அங்குலம் பரப்பி, லேசாக நனைத்துத் திமிசுக்கட்டையால் நன்றாக இடியுங்கள். பிற்காலத்தில் தளம் உள்வாங்குவதும் வெடிப்பதும் பெரும்பாலும் இந்த வேலையில் அவசரப்பட்டதால்தான்.

4 அங்குலப் பலகைகளைச் சுற்றி நிறுத்தி, வெளிப்பக்கம் முளை அடியுங்கள். ஈரக் கான்கிரீட் பலகையைத் தள்ளும், முளைகள் நெருக்கமாக இருக்கட்டும். மூலைக்கு மூலை குறுக்கே அளந்தால் இரண்டு அளவும் ஒன்றாக வரவேண்டும். தண்ணீர் வடிய 5 அடிக்கு 1 அங்குலம் சரிவு வைத்து, பலகையின் உட்புறம் எண்ணெய் தடவுங்கள்.

கலவை

விகிதம் 1 : 1½ : 3. அதாவது சிமென்ட், மணல், 20 மி.மீ. ஜல்லி. சேதாரமும் சேர்த்து சிமென்ட் இரண்டரை மூட்டை (மூட்டை 50 கிலோ), மணல் நாலரை கன அடி, ஜல்லி ஒன்பது கன அடி ஆகும். கையால் கலக்கும்போது ஒரு தடவைக்கு அரை மூட்டைக்கு மேல் வேண்டாம். அரை மூட்டை சிமென்ட் சுமார் 17 லிட்டர் கொள்ளும் வாளியை நிரப்பும். அதே வாளியால் மணலையும் ஜல்லியையும் அளந்துவிடலாம்.

ஒரு விஷயம்: ஈர மணல் உப்பிக்கொள்ளும். லேசான ஈரத்திலேயே கால் பங்கு வரை கூடுதலாகத் தெரியும். மணல் ஈரமாக இருந்தால் வாளியைக் கொஞ்சம் குவித்து அளங்கள்.

தகரத்தின் மேல் மணலையும் சிமென்டையும் நிறம் ஒன்றாகும் வரை புரட்டுங்கள். அப்புறம் ஜல்லி. நடுவில் குழி பறித்துத் தண்ணீர் ஊற்றிப் புரட்டுங்கள். அரை மூட்டைக்கு 12 லிட்டர் போதும், ஈர மணல் என்றால் அதைவிடக் குறைவு. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

இங்கேதான் கை நீளும். கலவை இறுக்கமாக இருக்கிறதே, இன்னும் ஒரு செம்பு ஊற்றினால் சுலபமாகப் பரவுமே என்று தோன்றும். பரவும், சந்தேகமில்லை. ஆனால் சிமென்ட் எடுத்துக்கொண்டதுபோக மிஞ்சும் தண்ணீர் ஆவியாகி, அது இருந்த இடமெல்லாம் நுண்துளையாகும். தளம் வலுவிழக்கும், மேலே தூள் உதிரும். ஒரு கைப்பிடி அள்ளி உருட்டினால் உருண்டையாக நிற்கவேண்டும், தண்ணீர் ஒழுகக் கூடாது.

ஈர சிமென்ட் தோலைப் புண்ணாக்கும். ரப்பர் கையுறையும் பூட்சும் போட்டுக்கொள்ளுங்கள். வெறும் முழங்காலை ஊன்றி உட்கார வேண்டாம்.

கொட்டுதல்

அடித்தரையை ஈரமாக்குங்கள், தண்ணீர் தேங்க விடாதீர்கள். தூர மூலையில் தொடங்கி, கலவையை வேண்டிய இடத்திலேயே கொட்டுங்கள். ஓரிடத்தில் குவித்து இழுத்தால் ஜல்லி ஒருபக்கம், சாந்து ஒருபக்கம் பிரிந்துவிடும். கலந்த அரை மணி நேரத்துக்குள் போட்டுவிடுங்கள். இறுக ஆரம்பித்த கலவையில் தண்ணீர் விட்டு இளக்குவது வேண்டவே வேண்டாம்.

கம்பியால் குத்திக் காற்றை வெளியேற்றுங்கள். ஓரங்களில் கூடுதலாகக் குத்தி, பலகையைச் சுத்தியலால் தட்டுங்கள். பிறகு நேரான கட்டை ஒன்றை இரு பலகைகள் மேலும் வைத்து, ரம்பம் அறுப்பதுபோல் முன்னும் பின்னும் அசைத்து இழுத்தால் மட்டமாகும்.

சற்று நேரத்தில் மேலே தண்ணீர் கசிந்து மினுமினுக்கும். அது மறையும் வரை காத்திருங்கள். சிமென்ட் தூளைத் தூவி உறிஞ்ச வைத்தால் மேல்தோல் பின்னால் உரிந்து வரும். மினுமினுப்புப் போனதும் மணியாசுக் கட்டையால் தேய்த்து, வழுக்காமல் இருக்க விளக்குமாற்றால் ஒரே திசையில் கோடு இழுங்கள்.

தண்ணீர் கட்டுதல்

கலக்கும்போது மிச்சம் பிடித்த தண்ணீரை இப்போது தாராளமாகச் செலவழிக்கலாம். மேற்பரப்பு இறுகியதும் பாலித்தீன் தாளால் மூடுங்கள். மறுநாள் பலகையைப் பக்குவமாகக் கழற்றி, ஈரச் சாக்கு விரித்து நனைத்துக்கொண்டே இருங்கள். குறைந்தது 7 நாள். வெயில் கடுமையாக இருந்தாலோ கலப்புச் சிமென்ட் (பிபிசி) போட்டிருந்தாலோ 10 நாள். காலையில் ஒரு தடவை தெளித்துவிட்டு வெயிலில் காயவிடுவது கணக்கில் சேராது.

மறுநாளே மெதுவாக நடக்கலாம். சைக்கிளை ஒரு வாரம் கழித்து நிறுத்துங்கள், மோட்டார் போலக் கனமானவற்றை 28 நாள் கழித்து ஏற்றுங்கள்.