துருப்பிடித்த பழைய வண்டி: தட்டிப் பார்த்து முடிவெடுங்கள்

தூத்துக்குடி உப்பளம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். காலையில் அளத்து வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு மாலையில் வந்து கதவைத் தொட்டால் விரலில் உப்பு ஒட்டும். அங்கே பதினேழு வருடம் நின்ற வண்டி எங்கள் மாருதி ஆம்னி. அப்பா வாங்கி 2007-ல் பதிவு செய்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அந்த வெள்ளத்தில் எங்கள் தெருவிலும் தண்ணீர் நான்கு நாள் நின்றது. வண்டி சீட் வரை மூழ்கிக் கிடந்தது. இன்ஜினை மெக்கானிக் பத்தே நாளில் ஓட வைத்துவிட்டார். ஆனால் ஏழெட்டு மாதத்தில் அடித்தகடு அப்பளமாகப் பொரிந்துவிட்டது. சரிபண்ணுவதா, தள்ளிவிடுவதா என்று மூன்று மாதம் பட்டறை பட்டறையாக அலைந்தேன். அதே குழப்பத்தில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் காரியம், எவ்வளவு ஆகும் என்று யாரிடமும் கேட்பதற்கு முன் வண்டிக்கு அடியில் நீங்களே போய்ப் பாருங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது. துரு தின்ற வண்டியில் ஜாக்கி வைக்கிற இடமே உளுத்துப்போயிருக்கும், பொத்துக்கொண்டு இறங்கிவிடும். வாட்டர் சர்வீஸ் கடையில் ராம்ப்பில் ஏற்றி அடியை நன்றாகக் கழுவச் சொல்லி, காய்ந்த பிறகு பாருங்கள். மண்ணும் சேறும் அப்பியிருந்தால் எதுவும் தெரியாது. கையில் ஒரு டார்ச், ஒரு பெரிய ஸ்க்ரூடிரைவர், ஒரு சின்ன காந்தம் போதும்.

தட்டுவதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நாற்பது வருடமாக டிங்கர் வேலை (வண்டித் தகட்டை வெட்டி ஒட்டிச் சரிபண்ணுகிற வேலை) பார்க்கும் ஒரு அண்ணாச்சி. ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிப் பிடித்து, கைப்பிடியால் வாசல் ஓரத்தை, அதாவது கதவுக்குக் கீழே ஓடும் தகட்டை, முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் பொத்தென்று செத்தது. "கேட்டியளா தம்பி? இதுக்குள்ள தகடு இல்ல, பெயிண்டுதான் நிக்குது." முனையை வைத்து லேசாகத்தான் அழுத்தினார். மண்சுவரில் குத்தியதுபோல் உள்ளே போயிற்று. இழுத்தபோது செம்மண் மாதிரி ஒரு பிடி துரு தரையில் கொட்டியது. வெளியே பார்த்தால் அங்கே இரண்டு கொப்புளம்தான் இருந்தது. இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு உப்பும். அதுதான் பெயிண்ட்டைத் தூக்கிக் கொப்புளமாக்குகிறது. வெளியே கொப்புளம் தெரிகிறது என்றால், பெரும்பாலும் உள்ளிருந்து தின்றுகொண்டு வந்து கடைசியில் வெளியே எட்டிப் பார்க்கிறது என்று பொருள்.

காந்தம் எதற்கு என்றால், பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) போட்டு மறைத்த இடத்தைக் கண்டுபிடிக்க. நல்ல தகட்டில் பச்சென்று ஒட்டும், கனமாகப் பட்டி அப்பிய இடத்தில் நழுவி விழும். பிறகு உள்ளே தரையில் விரித்திருக்கிற மேட்டை (தரைவிரிப்பை) முழுக்க உரித்துவிடுங்கள். ஆம்னியில் பக்கக் கதவு நகரும் கீழ்த் தண்டவாளத்தையும், முன் சீட்டுக்கு அடியில் சக்கர வளைவையும் விடாதீர்கள். மணலும் உப்பும் போய்ச் சேர்கிற இடம் அது. கடல் உப்பில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தானே கசியும். அதனால் எங்கள் ஊரில் மழையே இல்லாத மே மாதத்திலும் வண்டியின் இடுக்குகள் காய்வதில்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். துரு எவ்வளவு என்பதைவிட, எங்கே என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கும். பானெட், கதவு, மட்கார்டு, டிக்கி மூடி இதெல்லாம் போல்ட்டைக் கழற்றி வேறு மாட்டக்கூடியவை. இவை சல்லடையாக இருந்தாலும் பயப்பட வேண்டாம். பார்க்க அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். ஃப்ளோரில் உள்ளங்கை அளவு ஓட்டை இரண்டு மூன்று என்றால் வெட்டித் தகடு வைக்கலாம். ஆனால் பின்பக்கப் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) வந்து மாட்டுகிற இடம், முன் சஸ்பென்ஷன் உட்காரும் இடம், ஸ்டீயரிங் பாக்ஸ் பிடிக்கிற இடம், சீட் பெல்ட் போல்ட் இறங்குகிற இடம், கதவுத் தூணின் அடி, வாசல் ஓரத்துப் பெட்டித் தகடு ஆகிய இடங்களில் துரு கை வைத்துவிட்டால் விஷயம் வேறு. மாருதி 800, ஆம்னி, சான்ட்ரோ, இண்டிகா போன்றவற்றில் தனி சேசிஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) கிடையாது, பாடிதான் சேசிஸ். அது உளுத்தால் எலும்பே உளுத்த மாதிரி. ஜீப், பொலேரோ, சுமோ, குவாலிஸ் அப்படியில்லை, கீழே தனியாக சேசிஸ் இருக்கிறது. என் மச்சானின் பழைய மஹிந்திரா ஜீப்பில் கால் வைக்கிற தகடே இல்லை, தார்ரோடு தெரியும். சேசிஸைத் தட்டினோம், கோவில் மணி மாதிரி இருந்தது. புதுத் தகடு அடித்து இன்றும் ஓட்டுகிறான். பார்வைக்கு அதைவிட ஆயிரம் மடங்கு நன்றாக இருந்தது என் ஆம்னி.

பிரேக் பைப்பைத் தனியாகப் பாருங்கள். அடியில் ஓடும் மெல்லிய இரும்புக் குழாய். துரு தின்றால் ஒருநாள் அழுத்தும்போது வெடித்து பெடல் தரைக்குப் போய்விடும். அதை மாற்றும் செலவு பெரிதல்ல. மாற்றும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

சரிபண்ணுவது என்று முடிவெடுத்தால், எப்படிச் செய்யப் போகிறார்கள் என்று கேளுங்கள். துருவின் மேலேயே தகடு வைத்து, ரிவிட் அடித்து, பட்டி பார்த்து, கறுப்பாகக் கோட்டிங் அடித்துத் தருகிறேன் என்று ஒரு பட்டறையில் பாதி விலை சொன்னார்கள். அடுத்த மழைக்குள் திரும்ப வந்துவிடும். ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு இன்னும் வேகமாகத் தின்னும். பளபளவென்று நல்ல இரும்பு தெரிகிறவரை வெட்ட வேண்டும். அதன்பின் புதுத் தகட்டை சிஓடூ வெல்டிங்கில் பிடிக்க வேண்டும். கேஸ் வெல்டிங் சூட்டில் சுற்றியுள்ள பூச்செல்லாம் கருகி, அங்கிருந்து மறுபடி துரு தொடங்கும். தகடுகள் சேரும் தையலுக்கு சீலர், மேலே எபாக்ஸி பிரைமர், பெட்டித் தகட்டுக்குள் மெழுகு மாதிரியான துரு தடுப்பான். வெல்டிங்குக்கு முன் பேட்டரியையும் பெட்ரோல் டேங்க்கையும் கழற்றுவார்களா என்று கேளுங்கள். தலையைச் சொறிந்தால் வேறு பட்டறை பாருங்கள்.

செலவுக் கணக்கு. டிங்கர் சொல்கிற தொகையோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். அவர் ஏமாற்றுகிறார் என்பதற்காக அல்ல. வெட்டத் தொடங்கினால்தான் மீதி தெரியும். எனக்கு முதலில் 55,000 என்றார், மேட்டை உரித்ததும் 72,000 ஆனது. மூன்று வருடம் ஓடினால் மாதம் 2,000. பணமாகப் பார்த்தால் புதுவண்டித் தவணையைவிடக் குறைவு, ஆசை வந்தது. இதோடு அரசுக் கட்டணத்தையும் சேருங்கள். பதினைந்து வருடம் முடிந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய். இருபதைத் தாண்டினால் 2025 ஆகஸ்டிலிருந்து 10,000. பசுமை வரி தனி. துருவுக்கு இன்ஷூரன்ஸில் ஒன்றும் கிடைக்காது, தேய்மானத்தில் சேர்த்துவிடுவார்கள். இன்னொன்று, சேசிஸ் நம்பர் பஞ்ச் அடித்த இடத்தைத் தேடிப் பாருங்கள். எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) போனால் அந்த எண்ணைச் சரிபார்ப்பார்கள். எண்ணையே துரு தின்றிருந்தால் எவ்வளவு செலவழித்தாலும் சிக்கல்தான். அதன்மேல் யாரையும் தகடு வைக்க விடாதீர்கள்.

என் முடிவைப் பணம் தீர்மானிக்கவில்லை. அண்ணாச்சி கடைசியாக டிரைவர் பக்க சீட் பெல்ட் போல்ட்டைப் பிடித்து ஆட்டினார். சுற்றியிருந்த தகடும் சேர்ந்து ஆடியது. பின்பட்டை மாட்டுகிற இடத்திலும் விரல் போயிற்று. "எனக்குக் காசு வரும் தம்பி, செஞ்சு தந்துருவேன். ஆனா புள்ளையள வச்சு ஓட்டுவிய. வேண்டாம்." வேலையை வேண்டாம் என்று சொன்ன அந்த மனுஷனுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

கொடுப்பதென்றால் முறையாகக் கொடுங்கள். காயலான் கடையில் கையோடு பணம் தருவார்கள். ஆனால் ஆர்.சி. உங்கள் பெயரில் உயிரோடு இருக்கும். அந்த எண்ணில் வேறு வண்டி ஓடி ஏதாவது நடந்தால் உங்களைத்தான் தேடி வருவார்கள். வண்டியை உடைத்துவிட்டால் பதினான்கு நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். அரசு பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்தால் டெபாசிட் சான்றிதழ் தருவார்கள். புதுவண்டி வாங்கும்போது பதிவுக் கட்டணம் தள்ளுபடியாகும், சாலை வரியிலும் சலுகை உண்டு. நான்கு டயர், பேட்டரி, மியூசிக் சிஸ்டம் ஆகியவற்றை முன்கூட்டியே கழற்றி விற்கலாமா என்று மையத்திடம் பேசிக்கொள்ளுங்கள், கழற்றிய எடைக்கு ஏற்ப விலை குறையும்.

அடுத்த வண்டியைக் கடல் காற்று படாத ஊரில் தேடினேன். திண்டுக்கல்லில் ஒரு பழைய மாருதி ஈகோ வேன். விற்றவர் சீட் கவரைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் குனிந்து வாசல் ஓரத்தைக் கடைசிவரை தட்டினேன். எங்கும் சத்தம் மாறவில்லை. இப்போது ஞாயிறுதோறும் நல்லதண்ணீரில் அடியைக் கழுவுகிறேன். கதவுகளின் கீழ் விளிம்பில் தண்ணீர் வடியும் சின்னத் துளைகள் இருக்கும். மண் அடைத்திருந்தால் ஒரு கம்பியை விட்டு எடுத்துவிடுகிறேன்.