சிறுநீர்ப்பைப் புற்றுநோயும் ஆக்சிஜனேற்ற அழுத்தமும்: ரத்தச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடலில் ஆக்சிஜனேற்றச் சேதம் கூடி, அதைத் தடுக்கும் பாதுகாப்பு போதாமல் போவதுதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம். கொழுப்பு சேதமடைந்ததைக் காட்டும் மாலோண்டையால்டிஹைடு கூடியிருக்கிறது, செல்களைக் காக்கும் குளுட்டதயோன் குறைந்திருக்கிறது என்று ஓர் அறிக்கை வந்தால், எண்ணைப் பார்க்கும் முன் அந்த ரத்தம் ஊசியிலிருந்து உறைபெட்டிவரை எப்படி வந்தது என்று கேளுங்கள். நோயாளிக்கும் நலமானவருக்கும் இருக்கும் வித்தியாசத்தைவிட, சரியாகக் கையாண்ட குழாய்க்கும் அலட்சியமாகக் கையாண்ட குழாய்க்கும் உள்ள வித்தியாசம் பல நேரம் பெரிது.

குளுட்டதயோன் சிவப்பணுவுக்குள் மில்லிமோலார் அளவிலும், ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் அதைவிட ஆயிரம் மடங்கு சிறிய அலகான மைக்ரோமோலாரில் சில அளவிலும்தான் இருக்கிறது. ஆயிரத்தில் இரண்டு மூன்று செல் உடைந்தாலே பிளாஸ்மா அளவு இருமடங்காகிவிடக்கூடும். 21 கேஜ் ஊசி போதும். கைக்கட்டை ஒரு நிமிடத்துக்குள் அவிழ்த்துவிடுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ குழாயைக் குலுக்காமல் எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து எடுங்கள். பிளாஸ்மா மஞ்சளாகத் தெரிகிறது என்று விட்டுவிடக்கூடாது. கண்ணுக்குப் படாத சிதைவும் உண்டு. உடைந்த செல்களிலிருந்து கசிந்த ஹீமோகுளோபின் இருக்கிறதா என்று 414 நானோமீட்டர் ஒளியில் ஒருமுறை அளந்து பாருங்கள். குளுட்டதயோன் தானாகவே வேகமாக ஆக்சிஜனேற்றம் அடையும். அதனால் ரத்தம் எடுத்த உடனேயே அதைத் தடுக்கும் என்-எத்தில்மலெயிமைடு என்ற வேதிப்பொருளைச் சேர்க்காத மாதிரியில் அதை அளப்பது வீண் வேலை.

பகலில் 31, 32 டிகிரி அடிக்கும் சிங்கப்பூரில், சிகிச்சைப் பிரிவிலிருந்து அடுத்த கட்டடத்து ஆய்வகத்துக்குக் குழாயை வெறுமனே தூக்கிக்கொண்டு போகக்கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து, அரைமணி நேரத்துக்குள் 4 டிகிரியில் சென்ட்ரிஃபியூஜ் செய்துவிடுங்கள். மைனஸ் 20 டிகிரியில் வைத்தால், கொழுப்பு சேதமடைவதைக் காட்டும் இன்னொரு குறியீடான ஐசோபுரோஸ்டேன் குழாய்க்குள்ளேயே உருவாகிக்கொண்டிருக்கும். மைனஸ் 80 டிகிரியும் பிஎச்டி (BHT) என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பானும் தேவை. சிறு பங்குகளாகப் பிரித்து வையுங்கள். உருக்கி உருக்கி மறுபடி உறையவைக்காதீர்கள்.

சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கே உரிய ஒரு சிக்கலைப் பலரும் கவனிப்பதில்லை. இவர்களில் பலருக்குச் சிறுநீரில் ரத்தம் போய் ரத்தசோகை வந்திருக்கும். சிலருக்கு ரத்தம் ஏற்றியிருப்பார்கள். ஏற்றிய பிறகு ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சிவப்பணு நொதிகளை அளந்தால், அந்த எண்ணில் ரத்ததானம் செய்தவரின் பங்கும் இருக்கும். சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்வதால், கடந்த நான்கு மாதங்களில் ரத்தம் ஏற்றினார்களா என்று கேட்டு எழுதிவைக்க வேண்டும். ரத்தப்போக்குக்குப் பின் புதிதாக வரும் இளஞ்செல்களிலும் நொதிச் செயல்பாடு அதிகம். நொதியை எப்போதும் ஒரு கிராம் ஹீமோகுளோபினுக்கு இவ்வளவு என்று கணக்கிடுவதோடு, இளஞ்செல் எண்ணிக்கையையும் பக்கத்தில் வையுங்கள்.

‘மொத்த ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறன்’ என்று கிட்கள் தரும் எண் இன்னும் ஆபத்தானது. பிளாஸ்மாவில் அந்த எண்ணின் பெரும்பங்கு யூரிக் அமிலத்திலிருந்து வருகிறது. கட்டி சிறுநீர்க்குழாயை அடைத்துச் சிறுநீரகம் தளர்ந்தால் யூரிக் அமிலம் ஏறும்; ஆள் மோசமாகிக்கொண்டிருக்க, அறிக்கை மட்டும் ‘பாதுகாப்பு நன்று’ என்று காட்டும். யூரிக் அமிலமும் கிரியேட்டினினும் இல்லாமல் இந்த எண்ணைப் படிக்கவே கூடாது. மாலோண்டையால்டிஹைடை நிறத்தால் அளக்கும் டிபார்ஸ் (TBARS) முறையிலும் இதே சங்கடம்தான்: 532 நானோமீட்டரில் வரும் இளஞ்சிவப்பு நிறத்துக்கு மாலோண்டையால்டிஹைடு மட்டுமே காரணமல்ல, சர்க்கரைகளும் பிலிருபினும்கூட குறுக்கிடும். இத்தகைய கிட்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது என்று வலியுறுத்தியவர்களில் ஒருவர், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு ஆய்வு செய்த பேரி ஹாலிவெல்.

ஒப்பீட்டுக் குழுவிலும் கோட்டை விடுகிறார்கள். இந்நோய்க்கு முதன்மைக் காரணம் புகைபிடித்தல். புகையே ஐசோபுரோஸ்டேனை உயர்த்தும். புகைக்காத மாணவர்களின் ரத்தத்தோடு ஒப்பிட்டால் நீங்கள் அளப்பது புற்றுநோயையா, சிகரெட்டையா? அறுவை முடிந்த வாரத்திலோ, வாரம் ஒருமுறையாக ஆறு வாரம் சிறுநீர்ப்பைக்குள் மருந்து செலுத்தும் பிசிஜி சிகிச்சையின் நடுவிலோ எடுத்த ரத்தத்தில் அழற்சியின் தாக்கமும் கலந்திருக்கும்.

நோயாளியின் குடும்பத்தாருக்கு: அறிக்கையைப் பார்த்துப் பதறி, தேக்காவில் (லிட்டில் இந்தியா) மருந்துக்கடைக்குப் போய் வைட்டமின் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடத்திய ஆய்வில், பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடுதலாக வந்தது. 1994இல் முடிவு வெளியானது. ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளை ஒன்றுவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். நோய் திரும்புகிறதா என்பதை இந்த ரத்தக் குறியீடுகளால் சொல்ல முடியாது. கட்டியை அகற்றிய பிறகு வழக்கமாக 3 மாதத்தில் வரும் முதல் சிஸ்டோஸ்கோப்பியை (சிறுநீர்ப்பைக்குள் கேமராவைச் செலுத்திப் பார்க்கும் சோதனையை), ரத்த எண்கள் நன்றாக இருக்கின்றன என்று தள்ளிப்போடாதீர்கள். இடையில் சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் அந்தத் தேதிவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.