திரியெஸ்தே பௌதிகப் பட்டறை: போகுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு மாணவன் திருகோணமலை உப்புவெளியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் இத்தாலியிலிருந்து வந்த அழைப்புக் கடிதம், முகமெல்லாம் சிரிப்பு. கடிதத்தை வாங்கி முதல் வரியைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு பக்கென்றது. அவனுடைய பெயர் குடும்பப் பெயராகவும் தகப்பனின் பெயர் சொந்தப் பெயராகவும் அச்சாகியிருந்தன. கடவுச்சீட்டில் அப்படியே நேர்மாறு. "ரெண்டு பெயரும் இருக்குத்தானே சேர்" என்றான். பல வருடங்களுக்கு முன் நானும் இதே வார்த்தைகளைத்தான் சொன்னேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். கடவுச்சீட்டை மறக்காதே, கம்பளிச் சட்டை எடுத்துப் போ என்பதெல்லாம் வீட்டில் அம்மாவே சொல்லுவா. யாரும் சொல்லாமல் விடுகிறவற்றைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

திரியெஸ்தே, ஏட்ரியாட்டிக் கடலோரத்தில் இத்தாலியின் வடகிழக்கு மூலையில் இருக்கும் துறைமுக நகரம். அங்கே மிராமாரே கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது ஐ.சி.ரி.பி என்ற கோட்பாட்டுப் பௌதிக மையம். 1964இல் அப்துஸ் சலாம் தொடங்கியது. லாகூரில் படிப்பித்த காலத்தில், துறை பற்றிக் கதைக்க ஆளில்லாமல் ஆராய்ச்சி செய்வது எவ்வளவு கடினம் என்று பட்டறிந்தவர் அவர். 1979இல் நோபல் பரிசு பெற்றவர். திருகோணமலையில் இருந்து பௌதிகம் செய்கிறவர்களுக்கு அந்தத் தனிமையை விளக்கத் தேவையில்லை. அங்கே பெரும்பாலான பட்டறைகளுக்குப் பதிவுக் கட்டணம் இல்லை. தெரிவானால் பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் உதவி கிடைக்க வாய்ப்பும் உண்டு. ஆனால் கிடைப்பது ஒரு வாரம், இரண்டு வாரம்தான். அதில் ஒரு நாளைக்கூட இழக்கக் கூடாது என்பதுதான் என் கவலை.

எல்லாக் காகிதமும் கைக்கு வரட்டும் என்று காத்திருப்பது

இத்தாலிக்கு வேண்டியது ஷெங்கன் விசா, எல்லைச் சோதனையில்லாமல் ஒன்றுக்கொன்று திறந்திருக்கும் ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது. அதற்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள் எடுப்பார்கள். அது 45 நாள் வரைக்கும் நீளலாம். கொழும்பில் விரலடையாளம் கொடுக்கும் நாளை முதலில் பதிவு செய்யுங்கள், காப்புறுதியையும் வங்கிக் கடிதத்தையும் அதற்குள் எடுத்துக்கொள்ளலாம். காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

பெயரை வாய்க்கு வந்தபடி எழுதுவது

இதில்தான் கொஞ்ச நேரம் நிற்கப்போகிறேன்.

நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயர் முன்னால், நம் பெயர் பின்னால். பள்ளிக்கூட இடாப்பில் தகப்பன் பெயர் ஒரு எழுத்தாகச் சுருங்கிவிடும். க. முருகேசு என்று வைத்துக்கொள்வோம், தகப்பன் கந்தசாமி. இணையத்தில் பட்டறைக்குப் பதிகிற படிவம் இரண்டு கட்டம் காட்டும்: முதற்பெயர், குடும்பப் பெயர். பின்னால் வருவதுதானே குடும்பப் பெயர் என்று நினைத்து முருகேசுவை அதில் போடுகிறோம், கந்தசாமியை முதற்கட்டத்தில் போடுகிறோம். இன்னும் சிலர் முதற்கட்டத்தில் 'க' என்று ஒற்றை எழுத்தை மட்டும் போடுகிறார்கள். நமது கடவுச்சீட்டிலோ பெரும்பாலும் தகப்பன் பெயர்தான் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருக்கும்.

நான் போட்டது முதல் வகை. நான் எழுதியபடியே அழைப்புக் கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தைப் பார்த்து விமானச் சீட்டுப் பதிவானது. வேலை செய்த இடத்துக் கடிதத்தில் முதலெழுத்தோடு சுருங்கிய பெயர். வங்கிப் புத்தகத்தில் தகப்பன் பெயரின் கடைசி ஆங்கில எழுத்து 'ஐ', கடவுச்சீட்டில் 'வை'. பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்த்தவர் நடுவில் ஒரு 'எச்' சேர்த்துவிட்டார். இந்தக் கட்டோடு இரவு ரயிலில் ஏறி, கல் ஓயாச் சந்தியில் வண்டி நின்ற நேரமெல்லாம் பையைத் திறந்து காகிதங்களை எண்ணிக்கொண்டு போனேன். எல்லாம் சரியாக இருந்தன, எண்ணிக்கையில்.

கொழும்பில் விசா விண்ணப்பம் வாங்கும் முகப்பில் இருந்த பெண் கடிதத்தையும் கடவுச்சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பென்சிலால் இரண்டு பெயர்களுக்கும் கீழே கோடு போட்டார். "இதைத் திருத்தி எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்றார். அவர் மேல் எந்தப் பிழையும் இல்லை. படிவத்தை நிரப்பியது நான்.

திருத்திய கடிதம் கேட்டு எழுதினேன், வந்தது. ஆனால் கொழும்பில் மறுபடி விண்ணப்பம் கொடுக்கக் கிடைத்த நாள் தள்ளிப்போனது. விமானச் சீட்டில் பெயர் மாற்ற முடியாது என்றார்கள். புதுச் சீட்டு வாங்க வேண்டி வந்தது, என் காசில். அந்தக் காசைக்கூட மறந்துவிட்டேன். மறக்க முடியாதது போய்ச் சேர்ந்த நாள். இரண்டு வாரப் பட்டறையில் முதல் வாரம் முடிந்திருந்தது.

அந்தப் பட்டறை, திண்மங்களின் இலத்திரன் கட்டமைப்பைக் கணினியில் கணிப்பது பற்றியது. முதல் வாரம் கோட்பாடு. இரண்டாம் வாரம் குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ என்ற இலவச மென்பொருளில் கைவேலை. அந்த மென்பொருள் பெருமளவு வளர்ந்ததே திரியெஸ்தேயில்தான். எல்லோரும் சிலிக்கன் பளிங்குக்கு வெட்டுச் சக்தியை (கணக்கில் சேர்க்கும் அலைகளின் சக்திக்கு நாம் வைக்கும் மேல் எல்லை) கூட்டிக் கூட்டி ஓட்டி, மொத்தச் சக்தி எங்கே அசையாமல் நிற்கிறது என்று வரைபு போட்டார்கள். அந்த வளைகோடு தட்டையாகும் இடம் ஏன் முக்கியம் என்பதை முதல் வாரத்தில் சொல்லியிருந்தார்கள். நான் பக்கத்துக் கணினியில் இருந்த எண்ணைப் பார்த்து எழுதினேன். விடை வந்தது. ஏன் வந்தது என்று விளங்கவில்லை. ஊருக்குத் திரும்பி அதை நானே படித்துத் தெளிய எட்டு மாதம் பிடித்தது. ஒரு கட்டத்தில் பெயரை மாற்றிப் போட்டதற்கு இவ்வளவு. இப்போதும் பிள்ளைகள் அதே கட்டத்தில் அதே பெயரைப் போடுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

சரி, என்ன செய்ய வேண்டும்? கடவுச்சீட்டில் படம் உள்ள பக்கத்தின் அடியில் இயந்திரம் வாசிக்கிற இரண்டு வரிகள் இருக்கும், வரிக்கு 44 இடம். மேல் வரியில் தொடக்கக் குறியீட்டையும் நாட்டுக் குறியீட்டையும் அடுத்துக் குடும்பப் பெயர் வரும், பிறகு இரட்டை அம்புக்குறி, பிறகு மற்றப் பெயர்கள். அந்தப் பெயர்களைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அப்படியே படிவத்தில் போடுங்கள். உங்களை யாரும் அப்பா பெயரால் கூப்பிடுவதில்லை என்பது உண்மைதான். பெயரட்டையில் எப்படிப் போட வேண்டும் என்று தனியாக எழுதிக் கேளுங்கள், போட்டுத் தருவார்கள்.

அழைப்பு வந்த அன்றே, மகிழ்ச்சியை வீட்டில் சொல்வதற்கு முன், கடவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள். அன்றே எழுதினால் எளிதில் திருத்துவார்கள். வேலை செய்யும் இடத்துக் கடிதத்தில் கடவுச்சீட்டுப் பெயரை முழுதாகக் கேட்டு வாங்குங்கள், முதலெழுத்துப் பெயரை அடுத்த வரியில் போடட்டும். வங்கியில் எழுத்து வேறாக இருந்தால் சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். கலியாணத்துக்குப் பிறகு கணவன் பெயருக்குக் கடவுச்சீட்டு எடுத்த தங்கைமார், பட்டச் சான்றிதழ் தகப்பன் பெயரில்தான் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். விவாகச் சான்றிதழின் மொழிபெயர்ப்பும் கட்டில் இருக்கட்டும்.

ஆராய்ச்சிக் கட்டுரையில் எந்தப் பெயரில் எழுதுவது என்பது வேறு விடயம். அதில் உங்கள் விருப்பம்தான். ஒன்றைத் தெரிவுசெய்து கடைசிவரை மாற்றாமல் எழுதுங்கள்.

விளங்கியது போலத் தலையாட்டுவது

இரண்டாம் தடவை போனபோது நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். புடினிச் மண்டபத்தில் நான்காம் வரிசையில் இருந்தேன். விரிவுரையாளர் இலத்திரன் அடர்த்தியைக் கூட்டி எழுதும்போது, ஸ்பின்னுக்கு உரிய 2 (ஒரு நிலையில் எதிரெதிர் ஸ்பின்னோடு இரண்டு இலத்திரன் இருப்பதால் பெருக்க வேண்டியது) விடுபட்டுப் போனது. எனக்குத் தெரிந்தது. வாத்தியார் எழுதியதைப் பிழை என்று எப்படிச் சொல்வது என்று கையைத் தூக்காமல் இருந்துவிட்டேன். கால் மணி நேரம் கழித்து விடை பாதியாக வந்து நின்றது, எல்லோரும் பின்னோக்கித் தேடினார்கள். கமரூனில் இருந்து வந்த ஒரு பிள்ளை எழுந்து, மூன்றாம் வரியில் 2 இல்லை என்றாள். விரிவுரையாளர் முகம் மலர்ந்து நன்றி சொன்னார். தேநீர் இடைவேளையில் அவளைத் தேடி வந்து, என்ன ஆராய்ச்சி செய்கிறாய் என்று கேட்டு, இருவரும் கரும்பலகை இருக்கிற இடத்துக்கு நடந்து போனார்கள். நான் கோப்பையோடு நின்றேன்.

நம் வகுப்பில் மரியாதை என்றால் மௌனம். அங்கே கேள்வி கேட்பதுதான் மரியாதை, கவனித்துக் கேட்டீர்கள் என்பதற்கு அதுதான் அடையாளம். ஆங்கிலம் தடக்கும் என்று பயப்பட வேண்டாம். அங்கே இருக்கிற பாதிப் பேருக்கு அது மூன்றாம் மொழி.

இன்னொன்று: "நீ என்ன செய்கிறாய்?" என்ற கேள்வி நாளுக்குப் பத்துத் தடவை வரும். துறையின் பெயரை மட்டும் சொன்னால் கதை அங்கேயே நின்றுவிடும். எந்தப் பொருள், எந்தக் கேள்வி, எந்த இடத்தில் சிக்கி நிற்கிறீர்கள் என்ற மூன்றையும் சொல்லிப் பழகிக்கொண்டு போங்கள். சிக்கி நிற்கும் இடத்தைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். உதவுகிறவர்கள் பிடித்துக்கொள்வது அந்த இடத்தைத்தான்.

குளிர்காலத்தில் குடையை நம்புவது

திரியெஸ்தேயின் காற்றுக்குப் போரா என்று பெயர். நம் வாடையைப் போல வடகிழக்குப் பக்கமிருந்து வருவது, ஆனால் வீச்சு சில நேரம் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டும். முன்பெல்லாம் தெருவோரத்தில் பிடித்து நடக்கக் கயிறு கட்டுவார்களாம். குடை இரண்டு நிமிடம் தாங்காது. காதை மூடும் தொப்பியும் காற்றுப் புகாத மேலங்கியும் வேண்டும்.

ஒரு பௌதிகச் சங்கதி சொல்லாமல் போக மனம் வரவில்லை. நம் கச்சான் காற்றும் போராவும் மலையிலிருந்து இறங்குகிற காற்றுகள். இறங்கும் காற்று அமுங்கி, 100 மீட்டருக்கு ஏறக்குறைய 1 பாகை சூடாகும். கச்சான் மலைநாட்டில் ஈரத்தைக் கொட்டிவிட்டு அந்த உயரத்திலிருந்து இறங்குவதால் நம்மைக் காய்ச்சி எடுக்கிறது. போரா இறங்கும் கார்ஸ்ட் மேட்டுநிலம் சில நூறு மீட்டர்தான். சூடாவது மூன்று நான்கு பாகை, பின்னால் தேங்கி நிற்பதோ உறைகுளிர்க் காற்று. அதனால் கீழே வந்தும் குளிர்கிறது. ஒரே விதி, ஓரிடத்தில் வியர்வை, ஓரிடத்தில் நடுக்கம். முதல் நாள் அங்கே இதைக் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தது நல்ல நினைவாக இருக்கிறது.

கடவுச்சீட்டை அறையில் வைத்துவிட்டு ஸ்லோவேனியா போவது

வேண்டாம். எல்லை பக்கத்தில்தான், ஷெங்கனும்தான், ஆனாலும் 2023 ஒக்டோபரில் இத்தாலி அங்கே சோதனையை மீண்டும் தொடங்கியது.

விமானத்தில் ஏறிய அட்டையைக் கிழித்துப் போடுவது

பயணக் காசைத் திரும்பக் கேட்கும்போது அதுதான் சாட்சி.

தமிழ் கேட்ட மேசையிலேயே தினமும் சாப்பிடுவது

ஒரு நாள் சாப்பிடுங்கள். மற்ற நாட்களில் வேறு மேசை.

கோப்புகளோடு திரும்பி வந்து சும்மா இருப்பது

கைவேலைக் கோப்புகள் நம் கணினியில் அப்படியே ஓடாது. பாதைப் பெயர் மாறியிருக்கும், ஏதாவது ஒரு மென்பொருள் நூலகம் இல்லாமல் இருக்கும். பட்டறை நினைவு சூடாக இருக்கும் முதல் வாரத்திலேயே ஒரு கணக்கையாவது ஓடவைத்துவிடுங்கள், அப்புறம் ஓடாத இடத்தைக் கேட்டு அங்கே பழகியவருக்கு எழுதுங்கள். "உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி" என்று மட்டும் எழுதினால் நன்றி என்று ஒரு வரி வரும். இந்த உள்ளீட்டில் இந்த வரியில் நிற்கிறது என்று கோப்பை இணைத்து எழுதினால், கட்டாயம் பதில் எழுதுவார்கள். கமரூன் பிள்ளையும் நானும் இன்றைக்கும் அப்படித்தான் எழுதிக்கொள்கிறோம்.