ஜெர்மன் சொல்லிக்கொடுக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

நர்சிங் முடித்த பிள்ளைகளுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். ஏ1 என்ற தொடக்க நிலை பேட்ச்சில் சேருகிறவர்களில் பலர் தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்கள். ஜெர்மனியில் நர்ஸாக அங்கீகாரம் பெறப் பெரும்பாலும் நான்காம் நிலையான பி2 வரை தேற வேண்டும். பாதியில் நின்றுபோகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. 'இந்தப் பொண்ணுக்கு மொழி வராது' என்று சொல்லிவிடுகிறோம். நாம் சொல்லிக்கொடுத்த விதத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை.

என் கணக்கில் பெரிய தவறு, ஜெர்மனுக்குப் போக ஆங்கிலத்தைப் பாலமாகப் போடுவது. 'எனக்குக் குளிருது' என்பதை மாணவி முதலில் 'ஐ ஆம் கோல்ட்' ஆக்குகிறாள். அங்கிருந்து 'இஷ் பின் கால்ட்' என்று இறங்குகிறாள். ஜெர்மன்காரர் காதில் அது 'நான் நெஞ்சில் ஈரமில்லாத ஆள்' என்பதுபோல விழலாம். அவர்கள் சொல்வது 'மீர் இஸ்ட் கால்ட்'. 'மீர்' என்றால் 'எனக்கு'. நம் நான்காம் வேற்றுமை அப்படியே அங்கே உட்கார்ந்திருக்கிறது! குமட்டினாலும் தலை சுற்றினாலும் அதே 'மீர்'தான்.

இன்னொன்று. 'எனக்குக் காய்ச்சல் இருப்பதால்' என்பது ஜெர்மனில் 'வைல் இஷ் ஃபீபர் ஹாபெ'. 'ஹாபெ' என்ற வினை கடைசியில் வருகிறது. ஆங்கிலம் வழியாக வருகிறவர்களுக்கு இது தலைவலி. தமிழில் யோசிக்கிறவர்களுக்கு வினை கடைசியில் வருவது பிறவிப் பழக்கம். 'டூ', 'ஸீ' வித்தியாசத்தையும் நீ, நீங்கள் என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிடலாம். இவ்வளவு கையில் இருக்க, வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் என்று சில இடங்களில் சட்டம் போடுகிறார்கள். பெர்லிட்ஸ் 1878ல் அமெரிக்காவில் தொடங்கிய பள்ளி வழியாகப் பரவிய நேரடி முறையில், கற்கும் மொழியைத் தவிர வேறு எதையும் பேசக் கூடாது. ஆளுக்கொரு தாய்மொழி உள்ள வகுப்பில் வேறு வழியும் இல்லை. முப்பது பேருக்கும் ஒரே தாய்மொழி இருக்கும்போது அதை வெளியே நிறுத்துவதில் என்ன நியாயம்? அதற்காக முழு வகுப்பையும் தமிழிலேயே நடத்திவிடவும் கூடாது. முடிச்சை அவிழ்க்க இரண்டு நிமிடம் தமிழ், அப்புறம் ஜெர்மனுக்குத் திரும்பிவிட வேண்டும்.

அடுத்தது, முதல் வாரமே, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து வேற்றுமைக்கு ஏற்ப மாறும் 'டேர், டீ, டாஸ்' சொற்களின் அட்டவணையை போர்டில் எழுதி மனப்பாடம் செய்யச் சொல்வது. இது இலக்கண-மொழிபெயர்ப்பு முறை. அது லத்தீன், கிரேக்க நூல்களைப் படிக்கக் கற்றுக்கொடுத்த வழக்கத்திலிருந்து வந்தது. வார்டில் நோயாளியோடு பேசுவதற்காக உருவானதல்ல. 'மிட் டேம் புஸ்' என்றால் 'பஸ்ஸில்' என்று முழுத் துண்டாகவே முதலில் கொடுக்கலாம். அப்படிப் பத்து துண்டு வாயில் பழகிய பிறகு அட்டவணையைக் காட்டினால், 'ஓ, அதனால்தான் டேம் வந்ததா' என்று அவர்களே சொல்வார்கள்.

பிழை திருத்துவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். என் முதல் பேட்ச்சில் ஒரு பெண் நேற்று என்ன செய்தாள் என்று ஆர்வமாகச் சொல்லத் தொடங்கினாள். நான் ஒவ்வொரு சொல்லிலும் நிறுத்தித் திருத்தினேன். நான்காவது வரியில் பேச்சை நிறுத்தியவள், அந்த மாதம் முழுக்க வாய் திறக்கவில்லை. அது இன்றும் உறுத்துகிறது. பிழை என்பது மாணவர் தனக்குள் ஒரு விதியைக் கட்டிப் பார்க்கிறார் என்பதற்கு அடையாளம் என்று மொழியியலாளர் கார்டர் 1967லேயே எழுதிவிட்டார். 'நான் போனேன்' என்பதற்கு 'இஷ் ஹாபெ கெகாங்கன்' என்று சொல்கிறவளுக்கு இறந்தகாலம் அமைக்கும் வழி பிடிபட்டுவிட்டது. போவது, வருவது போன்ற வினைகளுக்கு 'ஹாபெ' போய் 'பின்' வரும் என்பது மட்டும்தான் பாக்கி.

அதற்காகச் சரியான வடிவத்தை நாமே மெல்லச் சொல்லிவிட்டு நகர்ந்தாலும் போதாது. லைஸ்டரும் ரான்டாவும் கனடாவின் பிரெஞ்சு வகுப்புகளைக் கவனித்து 1997ல் எழுதிய ஆய்வில், ஆசிரியர்கள் அதிகம் கையாண்டது இந்த வழியைத்தான். மாணவர் தன் பிழையைச் சரிசெய்துகொள்ள மிகக் குறைவாக உதவியதும் இதுதான். இப்போது நான் பேச்சு முடியும்வரை காத்திருப்பேன். அப்புறம் 'ஹாபெ...?' என்று இழுத்து நிறுத்துவேன். ஐந்து விநாடி மௌனம். 'பின்!' என்று அவளே சொல்வாள்.

சொன்னதையே நூறு முறை திருப்பிச் சொல்ல வைக்கும் பயிற்சியையே முழுப் பாடமாக்குவதும் வேண்டாம். உச்சரிப்புக்கு அது உதவும், அவ்வளவுதான்.

'நிறைய கேளுங்கள், பாருங்கள், பேச்சு தானாக வரும்' என்று விட்டுவிடுவதும் தவறே. புரியும்படியான மொழி காதில் விழ வேண்டும் என்று மொழி கற்றலை ஆராய்ந்த கிராஷன் சொன்னது முக்கியமானதுதான். ஆனால் கனடாவில் பல ஆண்டுகள் பிரெஞ்சு வழியிலேயே படித்த பிள்ளைகள் நன்றாகப் புரிந்துகொண்டும் பேச்சிலும் எழுத்திலும் இலக்கணம் தடுமாறியதைக் கண்டு, தாமே பேசவும் எழுதவும் வைக்க வேண்டும் என்று 1985ல் மெரில் ஸ்வெயின் வாதிட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலே, 'எது சிறந்த முறை?' என்று தேடி அலைவது. 'சிறந்த முறை என்று ஒன்றில்லை, ஏன்?' என்ற பொருளில் 1990ல் கட்டுரை எழுதிய என்.எஸ்.பிரபு நம் பக்கத்தில் வேலை செய்தவர். 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளிகள் சிலவற்றில் ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்துக் கணக்குப் போட வைத்து, அதன் வழியே ஆங்கிலம் கற்பித்துப் பார்த்தார்.

அந்த யோசனையைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். போன வாரம் ஒரு வார்டின் டியூட்டி அட்டவணையை ஜெர்மனில் அடித்துக் கொடுத்தேன். அதில் ஒருவருக்குக் காய்ச்சல், யார் மாற்று ஆள்? நால்வர் நால்வராக உட்கார்ந்து, பாதித் தமிழில் வாதாடி, முடிவை மட்டும் ஜெர்மனில் சொன்னார்கள். காரணம் கேட்டேன். 'வைல் ஸீ ஃபீபர் ஹாட்' (அவளுக்குக் காய்ச்சல் இருப்பதால்; இங்கே 'ஸீ' என்றால் 'அவள்') என்று பின் பெஞ்சிலிருந்து பதில் வந்தது. வினை சரியாகக் கடைசியில் இருந்தது.