ஒரு சேனல், பல கைகள்: டிரைவருக்குள் முறை வைப்பது எப்படி?

இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் சிறுபோகம் செய்பவருக்கு முறைத்தண்ணீர் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. ஆளுக்கொரு முறை, வயல் நிரம்பும்வரை வக்கடையைத் திறந்திருக்கலாம் என்று வைத்தால் பத்து ஏக்கர்காரர் நாள் முழுவதையும் எடுத்துக்கொள்வார். இரண்டு ஏக்கர்காரர் வரம்பில் குந்தியிருப்பார். டிரைவர், அதாவது வட்டு போன்ற சாதனத்தை இயக்கும் மென்பொருள், எழுதப் பழகுபவர்கள் முதலில் செய்யும் பிழையும் இதுதான்.

நினைவகத்துக்கும் வட்டுக்கும் இடையே, சி.பி.யு. ஒவ்வொரு பைட்டாகத் தூக்கிக் கொடுக்காமலே தரவு ஓடும் வழி டி.எம்.ஏ. சேனல். நாம் எடுத்துக்கொள்ளும் எளிய சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கைதான் ஓடும்.

முதல் வேலை, வட்டைக் கேட்கும் ஒவ்வொரு செயலிக்கும் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கும்) தனி வரிசை. பொது வரிசை வைத்தால் அதிகம் கேட்பவனுக்கே எல்லாம் போகும்.

அடுத்து, முறையை எண்ணாமல் பைட்டை அளவிடுங்கள். இதற்கு நல்ல வழி டெஃபிசிட் ரவுண்ட் ராபின். ஸ்ரீதரும் ஜார்ஜ் வர்கீஸும் 1995இல் வலையமைப்புப் பொதிகளுக்காக வெளியிட்டது, வட்டுக்கும் பொருந்தும். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கணக்கு. சுற்று வரும்போது அதில் 16 கிலோபைட் சேருங்கள். தலையில் நிற்கும் கோரிக்கை கணக்குக்குள் அடங்கும்வரை ஒவ்வொன்றாக அனுப்பிக் கழியுங்கள். அடங்காவிட்டால் மிச்சத்தை அப்படியே விட்டு அடுத்த வரிசைக்குப் போங்கள்.

தாளில் போட்டுப் பாருங்கள். வீடியோ நகலெடுப்பவன் 64 கிலோபைட்டாகக் கேட்கிறான், கடிதம் சேமிப்பவன் 4 கிலோபைட்டாக. வீடியோவின் கணக்கு 16, 32, 48 என ஏறி நான்காம் சுற்றில்தான் 64 ஆகும். அப்போது ஒன்று போகும். கடிதத்துக்குச் சுற்றுக்கு நான்கு, மொத்தம் பதினாறு கோரிக்கைகள். இருவருக்கும் 64 கிலோபைட். வெறுமனே மாறி மாறிக் கொடுத்திருந்தால் வீடியோவுக்குப் பதினாறு மடங்கு போயிருக்கும். ஒருவருக்கு இருமடங்கு பங்கு வேண்டுமானால் அவருக்கு 32 சேருங்கள். ஏக்கர் கணக்கு மாதிரித்தான்.

வரிசை காலியானதும் கணக்கைப் பூச்சியமாக்குங்கள். நான் ஒருமுறை மறந்தேன். இரவெல்லாம் சும்மா கிடந்த செயலி காலையில் எழுந்து, சேர்த்து வைத்த கணக்கோடு சேனலை விடாமல் பிடித்துக்கொண்டது. விதைக்காதவருக்குப் போன போகத்துத் தண்ணீர் பாக்கி கிடையாது.

ஒரு கோரிக்கை முடிந்ததும் சாதனம் இன்டரப்ட், அதாவது சி.பி.யு.வை இடைமறிக்கும் சைகை, அனுப்பும். அடுத்ததைத் தேர்வது அங்கேதான். அதே வரிசைகளைச் சாதாரணப் பாதையும் (கோரிக்கையை வரிசையில் சேர்க்கும் பகுதியும்) தொடுவதால் ஸ்பின்லாக் வேண்டும்; அது திறக்கும்வரை சுற்றிச் சுற்றிக் காத்திருக்கும் பூட்டு. சாதாரணப் பாதையில் இன்டரப்ட்டை நிறுத்திவிட்டே பூட்டுங்கள். இல்லையேல் பூட்டைக் கையில் வைத்திருக்கும்போது அதே சி.பி.யு.வில் இன்டரப்ட் வந்தால், திறக்காத பூட்டுக்காகக் கணினி அங்கேயே உறைந்துவிடும்.

லினக்ஸில் 2017இல் 4.12 பதிப்போடு வந்த, வட்டுக் கோரிக்கைகளுக்கு முறை வைக்கும் பி.எஃப்.கியூ.வும் பங்கை வட்டின் செக்டர்களில்தான் அளக்கிறது.

சோதிக்க, சம பங்குள்ள இரண்டு வரிசைகளையும் தொடக்கத்திலிருந்து காலியாகவே விடாமல், அனுப்பிய பைட்டுகளை அச்சிடுங்கள். வித்தியாசம் எந்த நேரத்திலும் 64உம் 16உம் சேர்ந்த 80 கிலோபைட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால், கழிக்கும் வரியை முதலில் பாருங்கள்.