மும்பையில் கேஸ் பில்லைப் படிப்பது எப்படி: சிலிண்டருக்கு ஒரு வரி, பைப்புக்கு வேறு வரி

மாட்டுங்காவிலோ செம்பூரிலோ புதிதாகக் குடியேறும் நம் ஆட்கள் முதல் மாதமே கேட்பது, "இங்கே கேஸுக்கு வரி அதிகமா?" என்பதுதான். உங்கள் வீட்டுக்கு வருவது சிலிண்டரா பைப் கேஸா என்று முதலில் பாருங்கள், ஏனென்றால் இரண்டுக்கும் வரியே வேறு.

சிலிண்டர் என்றால் கணக்கு சுலபம். 14.2 கிலோ வீட்டு சிலிண்டருக்கு, 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து, நாடு முழுக்க 5 சதவீதம்தான். பில்லில் மத்திய ஜிஎஸ்டி 2.5, மாநில ஜிஎஸ்டி 2.5 என்று பிரித்துப் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து மகாராஷ்டிரா தனியாக ஏதோ கூட்டி வாங்குகிறது என்று நினைக்க வேண்டாம், சென்னையில் அக்கா வீட்டு பில்லிலும் இதே இரண்டு வரிகள் இருக்கும். ஊருக்கு ஊர் விலை மாறுவதில் லாரி வாடகைக்குப் பங்கு உண்டு, வரி விகிதத்துக்கு இல்லை. நீங்கள் கொடுக்கும் விலைக்குள்ளேயே வரி அடங்கியிருப்பதால் அதை 105-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்குங்கள். விலை 1,050 ரூபாய் என்றால் வரி 50 ரூபாய்.

பைப் கேஸில்தான் மாநிலம் உள்ளே வருகிறது. கச்சா எண்ணெய், பெட்ரோல், டீசல், விமான எரிபொருள், இயற்கை எரிவாயு இந்த ஐந்தும் இன்னும் ஜிஎஸ்டிக்கு வெளியேதான் இருக்கின்றன, பைப்பில் வருவது இயற்கை எரிவாயுதான், அதனால் பைப் கேஸுக்கு ஜிஎஸ்டி இல்லை, அந்தந்த மாநிலம் போடும் வாட் என்ற விற்பனை வரிதான். மகாராஷ்டிராவில் இது 13.5 சதவீதமாக இருந்தது, 2022 ஏப்ரல் 1 முதல் 3 சதவீதமாகக் குறைத்தார்கள். 1,000 ரூபாய் கேஸுக்கு 135 ரூபாய் போன இடத்தில் 30 ரூபாய். குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இது சின்ன விஷயமே இல்லை. அதனால் வேறு மாநிலத்து நண்பரின் பைப் கேஸ் பில்லோடு உங்களுடையதை ஒப்பிடுவதாக இருந்தால், மொத்தத் தொகையை விட்டுவிட்டு ஒரு யூனிட்டின் அடிப்படை விலை, அப்புறம் வாட் சதவீதம், இரண்டையும் தனித்தனியாக வைத்துப் பாருங்கள். விலை வரியோடு சேர்த்துப் போட்டதா, இல்லையா என்பதையும் கவனியுங்கள், நிறையப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான்.

வீட்டிலிருந்தே மெஸ், கேட்டரிங் நடத்துகிறவர்கள் வீட்டு சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது, சட்டப்படி தவறு. 19 கிலோ வணிக சிலிண்டருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். சாப்பாட்டுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வசூலிக்கும் மெஸ்களுக்கு இந்த 18 திரும்பக் கிடைக்காது, ஆகவே சாப்பாட்டு விலை போடும்போதே அதைச் செலவில் சேர்த்துவிடுங்கள்.

வரி இல்லாத ஒரு தொகை வேறு மனசை உறுத்தும்: சிலிண்டர் கொண்டு வருபவர் மாடிக்கு ஏற்றித்தர என்று தனியாகக் கேட்பது. வீடு வரை கொண்டு தரும் செலவு பில் விலையிலேயே இருக்கிறது, அதற்கு மேல் கொடுக்கக் கட்டாயம் இல்லை. குடோனில் நீங்களே போய் எடுத்துக்கொண்டால் அந்தத் தொகையைக் கழித்துக் கொடுக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள். ஏஜென்சி மறுத்தால் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள்.